ஜெர்ஹார்டுக்குக் கொடுக்காத பித்தளைக் குழாய்

எல்ஸ்பெர்க், வட டகோட்டா
1997 மே 4

அன்புள்ள ஆர்லிஸ் அக்கா,

கிறிஸ்துமஸ் அட்டையில் கையெழுத்துப் போட்டதைத் தவிர நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. பதறாதே, இங்கே யாரும் சாகவில்லை. உன்னிடம் சில விஷயங்கள் கேட்க வேண்டும். டெலிபோனில் நீ எல்லாவற்றுக்கும் "சரி, வைக்கிறேன்" என்கிறாய். அதனால்தான் கடிதம்.

விஷயம் நம் பழைய லாரி. 1946 ஷெவ்ரலே, கோதுமை ஏற்றுகிற மரப்பெட்டி வைத்தது. வீட்டுக்கு வடக்கே, காற்றைத் தடுக்க நட்ட மரவரிசைக்குள், அப்பா செத்த இயந்திரங்களையெல்லாம் நிறுத்திவைப்பாரே, அங்கே எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது நின்றது. இந்த வருஷப் பனியை நீ டிவியில் பார்த்திருப்பாய். வயல் இன்னும் சேறு, விதைக்க முடியவில்லை. கை சும்மா இருந்தால் எனக்குப் புத்தி எங்கெங்கோ போகும். போன சனிக்கிழமை டிராக்டரில் சங்கிலி மாட்டி அதை வெளியே இழுத்துவிட்டேன்.

சும்மா வரவில்லை. பெட்டியின் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு என் தொடை பருமனுக்கு ஒரு மரம் வளர்ந்திருந்தது. அதை அறுத்த பிறகுதான் அசைந்தது. டயான் ஜன்னலைத் திறந்து, "மரத்தையும் கூட்டிட்டு வாங்க, பாவம், தனியா அழும்" என்றாள். இருபது வருஷக் கல்யாணத்தில் அவள் என்னை இவ்வளவு கேலி செய்து நான் பார்த்ததில்லை. இப்போது லாரி கொட்டகைக்குள் நிற்கிறது. காலையில் காபியை எடுத்துக்கொண்டு முதலில் அங்கேதான் போகிறேன். எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று நீயும் நினைத்தால் டயானோடு சேர்ந்துகொள்.

எங்கள் வட்டாரத்தில் பழைய லாரிக்காரர்கள் சங்கம் ஒன்று இருக்கிறது. பதினொரு ஆண்கள், ஒரு பெண். தானியக் கிடங்கின் முன்னறையில் வியாழக்கிழமைதோறும் கூடி, ஓடாத லாரிகளைப் பற்றிப் பேசுவோம். செப்டம்பரில் கதிரடிப்புத் திருவிழா ஊர்வலம். அதில் இதை ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை.

கேள்விகள்: ஒன்று, இதன் நிஜ நிறம் என்ன? கதவில் நீலம், அதன் கீழே பச்சை, அதன் கீழே வேறு ஏதோ. இரண்டு, கிளட்ச் மிதியிலும் பிரேக் மிதியிலும் மூன்று அங்குல மரக்கட்டை போல்ட் போட்டிருக்கிறதே, அது யாருக்காக? மூன்று, இது ஏன் நின்றது? அப்பாவிடம் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். "நின்னுடுச்சு" என்பார். அவ்வளவுதான்.

இன்னொன்று. அப்பாவின் அடக்கத்துக்கு வந்தாய், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு போடுவதற்குள் கிளம்பிவிட்டாய். ஊரே கேட்டது. உன் பங்குக்கு ஹாம் சாண்ட்விச் மூன்றையும் நான்தான் சாப்பிட்டேன். குறை சொல்லவில்லை, தகவல்தான்.

உன் தம்பி,
லோவெல்

---

பெல்லிங்ஹாம், வாஷிங்டன்
1997 மே 15

லோவெல்,

உன் கடிதத்தில் என்னைப் பற்றி நான்கு வரி, மீதி எல்லாம் லாரி. அதுவே நல்லது.

நிறம்: கரும்பச்சை. சக்கரங்களின் மேல் மூடிகள் கறுப்பு. பச்சைக்கு மேலே இருக்கும் நீலம் அப்பாவின் கைவண்ணம். நீர்த்தொட்டிக்கு அடித்தது போக மிச்சம் இருந்ததைக் கதவில் பூசினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கட்டை: என்னுடையது. எனக்குப் பத்து வயதில், கால் எட்டவில்லை என்று அப்பா மரத்தை அறுத்துப் போல்ட் போட்டுக் கொடுத்தார். முதுகுக்குப் பின்னால் கோதுமைச் சாக்கு இரண்டு. நம் பக்கத்தில் அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஓட்டினார்கள். அறுவடைச் சமயம் ஷெரிஃப் எதிரே வந்தால் கையசைத்துவிட்டுப் போவார். உனக்குக் கட்டை தேவைப்படும் வயது வந்தபோது அந்த லாரி ஓடவில்லை.

ஏன் நின்றது: என்ஜினின் இரும்பு உடம்பில், இடது பக்கம், விரிசல் இருக்கும். தேடிக் களைத்துப்போகாதே. பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு, கை சும்மா இருந்தால் டயானுக்குப் பாத்திரம் கழுவிக் கொடு.

ஜூன் பாதி வரை எனக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை இருக்கிறது. நீண்ட கடிதம் எதிர்பார்க்காதே.

ஆர்லிஸ்

சாண்ட்விச்சுக்கு நன்றி. விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று அன்று பாதிரியாரிடம் சொன்னேன். விமானம் மறுநாள்தான்.

---

எல்ஸ்பெர்க்
1997 ஜூன் 1

அக்கா,

இடது பக்கம், நீ சொன்ன அதே இடத்தில், என் கை நீளத்துக்கு விரிசல். அழுக்கைச் சுரண்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஆயிரத்து முந்நூறு மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு உனக்கு எப்படித் தெரிந்தது? சங்கத்தில் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். (டயானுக்குப் பாத்திரம் கழுவும் வரியை விட்டுவிட்டேன்.) எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். ஒருவர் மட்டும் படவில்லை. அவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஜெர்ஹார்டு நெஸ்ஸை நினைவிருக்கிறதா? கிழக்குப் பக்கத்துப் பண்ணை, பெரிய காது. எண்பத்திரண்டு வயது. அவரிடமும் இதே மாடல் லாரி இருந்தது, இன்றும் இருக்கிறது. நம் லாரி என்று பேச்செடுத்ததும் மனிதருக்குக் காபி இறங்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"உங்கப்பன் எனக்கு அந்த லாரியிலேர்ந்து கார்புரேட்டர் கொடுத்தான். டைனமோ கொடுத்தான். முன்விளக்கு ரெண்டையும் கழட்டிக்கடான்னான். கடைசியா ஒரு பித்தளைக் குழாய் கேட்டேன்பா, என்ஜின்லேர்ந்து தண்ணி இறக்குற குழாய். விரல் நீளம். என்னோடது ஒழுகுது, கொடுடான்னேன். நான் கைய உள்ளே விட்டேன், மணிக்கட்டப் புடிச்சு வெளியே இழுத்துட்டான். 'அதை மட்டும் தொடாதே'ன்னான். நாப்பது வருஷமா மரத்துல ஆப்பு சீவி அடைச்சு ஓட்டிக்கிட்டிருக்கேன். உங்கப்பன் தோர்வால் க்வாம்மேக்கு அந்தக் குழாயில என்ன ரகசியம்? தங்கமா அது?"

சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்தும் என் தலையை விட்டுப் போகவில்லை. அப்பா யாருக்கும் எதையும் இல்லை என்று சொன்னவர் இல்லை. வாய்தான் திறக்க மாட்டார், கை எப்போதும் திறந்தே இருக்கும். பழைய இரும்புக்காரன் வருஷா வருஷம் வருவான். மரவரிசையில் இருந்த கதிர் அறுக்கும் இயந்திரம், கலப்பை, இரண்டு கார், எல்லாம் போயின. இந்த லாரி மட்டும் போகவில்லை. விரிசல் விட்ட என்ஜினை வைத்துக்கொண்டு என்ன செய்யப் பார்த்தார்?

பிரித்துப் போடும் வேலை முடிந்தது. இருக்கைக்குள் எலிக்கூடு மூன்று, உன் பள்ளிக்கூட நோட்டுத் தாள் ஒன்று (பெருக்கல் கணக்கு, இரண்டு தப்பு), ஒற்றைக் கையுறை. நம் அப்பாவுக்கு வைக்கோல் கட்டும் கம்பி என்றால் உயிர் என்று உனக்குத் தெரியும். இந்த ஒரு லாரியிலிருந்து பதினொரு துண்டு வெட்டி எடுத்தேன். கதவுக் கொண்டியில், பின்விளக்கில், ஹார்னில், அந்தப் பித்தளைக் குழாயில், பெட்டிக் கதவில் மூன்று, இன்னும் எங்கெங்கோ. ஒரு வாளியில் போட்டு வைத்திருக்கிறேன். ஊர்வலத்தில் நடுவர்கள் இருப்பார்கள். தொழிற்சாலையில் பொருத்தாத எதுவும் லாரியில் இருந்தால் மதிப்பெண் குறைப்பார்கள்.

இனி உன் முறை. விரிசல் உனக்கு எப்படித் தெரியும்?

லோவெல்

---

பெல்லிங்ஹாம்
1997 ஜூன் 9

லோவெல்,

முதலில் ஒரு கேள்வி. அந்தக் குழாயில் கம்பி கட்டியிருந்ததாக எழுதியிருக்கிறாய். அப்போது குழாயின் கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தது? குழாய்க்கு நேராகவா, குறுக்கேயா? நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. யோசித்து எழுது. ஊகித்து எழுதாதே.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவர் இருந்தபோது அவரிடமும் சொல்லவில்லை.

1955 நவம்பர். எனக்குப் பதிமூன்று. உனக்கு ஐந்து, அம்மை போட்டிருந்தது, அம்மா உன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. பள்ளி விட்டு வந்ததும் நான்தான் கடைசி நடை கோதுமையைக் கிடங்கில் கொட்டிவிட்டு வந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட்டேன். அப்பா கொட்டகையில் கன்று ஈனும் பசுவோடு இருந்தார். "ராத்திரி உறையும். தண்ணிய இறக்கிடு, ரெண்டு இடத்துலயும்" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார். உறையாத திரவம் வாங்கி ஊற்றுகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. வெறும் கிணற்றுத் தண்ணீர். தினமும் இறக்கி, தினமும் ஊற்ற வேண்டும்.

ரேடியேட்டருக்குக் கீழே ஒரு குழாய், என்ஜினின் பக்கவாட்டில் ஒரு குழாய். முதலாவதைத் திறந்தேன், பூட்ஸ் நனைய ஓடியது. இரண்டாவதையும் திறந்தேன். அதில் ஒன்றும் வரவில்லை, ஒரு சொட்டோ இரண்டு சொட்டோ. எல்லாம் கீழே இறங்கிவிட்டது என்று நினைத்து வீட்டுக்குள் போனேன்.

காலையில் என்ஜின் பிளந்திருந்தது. விரிசலிலிருந்து பனிக்கட்டி நாக்கு மாதிரி வெளியே நீண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ரெண்டையும் திறந்தியா?"

"திறந்தேன்."

"திறந்திருந்தா இது எங்கேர்ந்து வந்துச்சு? மறந்துட்டேன்னா மறந்துட்டேன்னு சொல்லு. பொய் சொல்லாதே."

"திறந்தேம்பா."

அவர் அடிக்கவில்லை. கத்தவில்லை. லாரியை மரவரிசைக்குள் இழுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. எனக்கு லாரி போனது ஒரு பொருட்டே இல்லை, லோவெல். பதிமூன்று வயதில் என் அப்பா என்னைப் பொய்க்காரி என்று முடிவுகட்டிவிட்டார். பதினெட்டு முடிந்த வாரம் நான் ஏன் பஸ் ஏறினேன் என்று நீ அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாயாம். இதனால்தான்.

மரவரிசை வீட்டிலிருந்து இருநூறு அடி. எந்த நாளும் நான் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. மூடியிருந்தால் என்ன செய்வது என்ற பயம். வருஷம் ஆக ஆக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. திறந்ததை நான் நினைவு வைத்திருக்கிறேனா, திறந்ததாகச் சொன்னதை நினைவு வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டுகிறேன். கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகு இருக்கைகளை ஒருமுறை பார்த்தால் போதும் என்பது விதி. நான் மூன்று முறை நடந்து பார்க்கிறேன். மற்ற ஓட்டுநர்கள் சிரிப்பார்கள்.

கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தது?

ஆர்லிஸ்

பெருக்கல் கணக்கில் தப்பு இரண்டு இருக்காது. நன்றாகப் பார்.

---

எல்ஸ்பெர்க்
1997 ஜூன் 15

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரியவில்லை.

கம்பியை வெட்டினேன், குழாயைக் கழற்றினேன், மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன், பிறகு பிரஷ் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி ஒரு காபி டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி ஒட்டியும் வைத்தேன். கைப்பிடி இப்போது இரண்டு பக்கமும் சுற்றுகிறது. கழற்றும்போது எப்படி இருந்தது என்று கண்ணை மூடி யோசித்தால் நீ சொன்னபடியும் தெரிகிறது, அதற்கு எதிராகவும் தெரிகிறது. உன் கடிதம் இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால். அல்லது நான் எல்லாவற்றையும் பளபளப்பாக்குகிற ஆளாக இல்லாமல் இருந்திருந்தால்.

டயானிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு அந்தக் காபி டப்பாவை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "நாப்பது வருஷமா அந்த மனுஷன் பாதுகாத்ததை நீங்க ஒரே சனிக்கிழமையில கழுவிட்டீங்க" என்றாள். கேலி இல்லை அதில்.

ஒரே ஒரு நம்பிக்கை இருக்கிறது. எங்கள் சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் விதி: எதையும் தளர்த்துவதற்கு முன்னால் படம் எடு. திரும்ப மாட்டும்போது எது எங்கே என்று தெரிய வேண்டும் அல்லவா. நான் என்ஜினை நான்கு பக்கமும் எடுத்தேன். ஃபிலிம் சுருள் முடியவில்லை என்பதால் கேமராவிலேயே கிடந்தது. நேற்று மீதியை எங்கள் நாயைப் படம் எடுத்து முடித்து, கழுவித் தர மருந்துக்கடையில் கொடுத்துவிட்டேன். அவர்கள் ஃபார்கோ நகரத்துக்கு அனுப்பி வாங்கித் தர இரண்டு வாரமாம். குழாய் அந்தப் படத்தில் விழுந்ததா, தெளிவாக இருக்குமா, எதுவும் எனக்குத் தெரியாது.

நான் ஒன்று சொல்லட்டுமா? படம் எப்படி வந்தாலும் நீ திறந்தாய் என்றுதான் நான் நினைக்கிறேன்.

லோவெல்

---

பெல்லிங்ஹாம்
1997 ஜூன் 21

லோவெல்,

கடைசி வரி எழுதாமல் இருந்திருக்கலாம். ஆறுதலுக்காகச் சொல்லும் நம்பிக்கை எனக்கு வேண்டாம். அதை நானே எனக்கு நாற்பது வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டேன், வேலை செய்யவில்லை.

உன்மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் இருந்தது. போய்விட்டது. பாத்திரம் கழுவச் சொன்னவள் நான்தான், நீ வேறு எதையோ கழுவிவிட்டாய்.

படம் வந்தால் இப்படிச் செய். மூடியிருந்தால் எனக்கு எழுதாதே. கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்பு, நான் புரிந்துகொள்வேன். இந்தப் பேச்சு நமக்குள் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். திறந்திருந்தால் படத்தை அனுப்பு. வார்த்தை வேண்டாம், படம் மட்டும்.

பள்ளி விடுமுறை விட்டாயிற்று. காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் தபால்பெட்டி வரை நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் போனேன்.

ஆர்லிஸ்

---

எல்ஸ்பெர்க்
1997 ஜூலை 2

அக்கா,

படம் மட்டும் அனுப்பச் சொன்னாய். முடியவில்லை, மன்னித்துவிடு. முதலில் படத்தைப் பார், பிறகு மீதியைப் படி.

பார்த்தாயா? நேராக இருக்கிறது. திறந்திருக்கிறது.

டயானும் நானும் மருந்துக்கடை வாசலிலேயே உறையைக் கிழித்தோம். ஏழாவது படம். அவள் நடுத்தெருவில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கடைக்காரர் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து வெளியே ஓடி வந்தார்.

இனி நிதானமாகக் கேள். மூன்று விஷயம் இருக்கிறது.

குழாயை டப்பாவிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நான் வெளிப்புறத்தைத்தான் பளபளப்பாக்கியிருக்கிறேன். உள்துளை அடைந்திருக்கிறது. ஊசி நுழையவில்லை. நம் கிணற்றுச் சுண்ணாம்பு. அம்மாவின் கெட்டிலில் படிந்திருக்குமே, அதே வெள்ளை, கல்லாக இறுகியிருக்கிறது. நீ திறந்தாய், தண்ணீரால் வெளியே வர முடியவில்லை. சுண்ணாம்பு படிகிற ஊரில் குழாயைத் திறந்தால் போதாது, கம்பி விட்டுக் குத்தியும் பார்க்க வேண்டும். அதை உனக்கு யாராவது சொல்லித்தந்தார்களா? தந்திருக்க மாட்டார்கள். சொல்லித்தர வேண்டியவர் பசுவோடு இருந்தார்.

அடுத்தது கம்பி. படத்தை உற்றுப் பார். கைப்பிடியின் ஓட்டைக்குள் விட்டு, பக்கத்து போல்ட்டில் இரண்டு சுற்று சுற்றி முறுக்கியிருக்கிறது. திறந்திருக்கிற நிலையிலேயே, யாரும் திருப்ப முடியாதபடி. வாளியில் இருந்த பதினொரு துண்டையும் மேஜையில் பரப்பிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்று பொருந்தியது. எல்லாத் துண்டும் ஒரே மாதிரி, இடப்பக்கமாகத் திருகிய முறுக்கு. இந்த வீட்டில் இடது கைக்காரர் அப்பா ஒருவர்தான். அந்தத் துண்டை இதில் வைத்திருக்கிறேன். உறை கிழியாமல் இருக்க அட்டையில் சுற்றியிருக்கிறேன்.

மூன்றாவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஜெர்ஹார்டு வீட்டுக்குப் போய், எந்த வருஷம் அந்தக் குழாயைக் கேட்டீர்கள் என்று கேட்டேன். "ஐம்பத்தாறு. விதைப்புக்கு முன்னாடி. சேறு இருந்துச்சு" என்றார். உறுதியாகச் சொல்கிறார். ஆக, நீ திறந்தாய் என்று அந்த வசந்தத்திலேயே அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. நீ அதற்குப் பிறகு நான்கு வருஷம் அந்த வீட்டில் இருந்தாய். தினமும் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாய்.

அவரை எனக்குப் பிடிக்கும், அக்கா. கடைசி ஆறு வருஷம் நான்தான் சவரம் செய்துவிட்டேன். ஆனால் நேற்று அவர் நாற்காலியைப் பார்த்து, "ஏன் சொல்லல?" என்று சத்தமாகக் கேட்டேன். நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

ஜெர்ஹார்டிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். சொன்னதற்குக் கோபிக்காதே. அவர் தன் லாரியின் என்ஜினையே தருகிறார். அவருடைய லாரியின் உடல்தான் துரு, என்ஜின் நல்லது. "என் ஆப்பைப் புடுங்கிட்டு அந்தக் குழாய அதுல மாட்டு. நாப்பது வருஷம் கழிச்சாவது என் என்ஜினுக்கு அது வரட்டும்" என்கிறார்.

லோவெல்

பெருக்கல் கணக்கை டயானிடம் காட்டினேன். தப்பு ஒன்றுதான்.

---

பெல்லிங்ஹாம்
1997 ஜூலை 13

லோவெல்,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. படத்தை முதல் நாள் பார்த்தேன். கடிதத்தை மறுநாள்தான் படித்தேன்.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். முதலில் தூக்கம்தான் வந்தது. மதியம் சோபாவில் படுத்தவள் நான்கு மணி நேரம் தூங்கினேன். எழுந்து நின்று, சமையலறையில், "திறந்தேன்னு சொன்னேனே" என்று சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருப்பாள். கேட்கட்டும்.

பிறகு கோபம் வந்தது. அது இன்னும் இருக்கிறது. நான்கு வருஷம் எனக்கு எதிரே உருளைக்கிழங்கைப் பிசைந்து சாப்பிட்டார் அந்த மனிதர். "உப்பை நகர்த்து" என்று சொல்ல வாய் இருந்தது. ஜெர்ஹார்டின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கக் கை இருந்தது. எனக்கு ஒரு வார்த்தை இல்லை. நான் போய்ப் பார்ப்பேன், பார்த்துத் தெரிந்துகொள்வேன் என்று கம்பியைக் கட்டி வைத்தாரா? நான் போகவே மாட்டேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் பயந்துகொண்டு போகாமல் இருந்தேன், அவர் சொல்லாமல் காத்துக்கொண்டு இருந்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி. இதை எழுதவே பிடிக்கவில்லை, ஆனால் உண்மை.

ஒரு விஷயம் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த வசந்தத்தில் பழையதாக ஒரு சிவப்பு லாரி வாங்கினார். வந்த அன்று சாவியை யாரிடமும் காட்டாமல் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார். வேறு ஆள் இல்லாததால் என்னிடம் கொடுக்கிறார் என்று நினைத்தேன். நான் அதைத் தொடவில்லை. மூன்று நாள் சாவி அங்கேயே கிடந்தது. நான்காம் நாள் அவரே எடுத்துக்கொண்டார். அதைத்தான் அவர் பேச்சு என்று நினைத்தாரோ என்னவோ. இதனால் அவரை மன்னித்துவிட்டேன் என்று சங்கத்தில் படித்துக் காட்டாதே. மன்னிக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பித் துண்டை நான் எறியவும் இல்லை. சமையலறை ஜன்னலில் இருக்கிறது.

ஜெர்ஹார்டின் என்ஜினை வாங்கிக்கொள். குழாயை மாட்டு. மாட்டுவதற்கு முன்னால் சுண்ணாம்பைக் குத்தி எடு, தயவுசெய்து. மிதிகளில் இருக்கும் கட்டையைக் கழற்றாதே. நடுவர்கள் மதிப்பெண் குறைத்தால் குறைக்கட்டும். எனக்கு இப்போது கால் நன்றாகவே எட்டும், முழங்கால்தான் ஸ்டியரிங்கில் இடிக்கும். சமாளிக்கிறேன்.

ஆம், ஊர்வலத்தில் நான்தான் ஓட்டுவேன். நீ பக்கத்தில் உட்கார். இந்த வருஷம் பேருந்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். செப்டம்பர் முதல் வாரம் வருகிறேன். எத்தனை நாள் என்று கேட்காதே.

ஆர்லிஸ்

---

எல்ஸ்பெர்க்
1997 அக்டோபர் 26

அன்புள்ள அக்கா,

நீ போய்ப் பதினொரு நாள் ஆகிறது. டயான் இன்னும் மூன்று தட்டு எடுத்து வைக்கிறாள், பிறகு ஒன்றைத் திரும்ப வைக்கிறாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்துப் பெண்கள் உன்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? சாண்ட்விச் ஐந்து சாப்பிட்டாய் என்று. பாக்கி தீர்ந்தது என்று சொன்னேன்.

ஊர்வலத்தின் தீர்ப்புத் தாள் தபாலில் வந்தது. மரக்கட்டைக்கு நான்கு மதிப்பெண் குறைவு, கதவில் நீலத்தைச் சுரண்டாமல் விட்டதற்கு ஆறு குறைவு, "ஓட்டுநர் வரிசையைவிட்டு விலகி முன்னால் இருந்த டிராக்டரை முந்தினார்" என்பதற்குப் பத்து. கடைசி இடத்துக்கு முந்தைய இடம். தாளைச் சட்டம் போட்டுக் கொட்டகையில் மாட்டியிருக்கிறேன்.

நேற்று இரவு குளிர் இறங்கிவிட்டது. காலையில் ஃபாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டியது, மாடு குடிக்கிற தொட்டி மேலே கட்டியாக உறைந்துவிட்டது. ஜெர்ஹார்டு காபிகூடக் குடிக்காமல் நேரே கொட்டகைக்கு வந்து நின்றார். அந்தப் பழைய என்ஜினை உறையாத திரவம் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓட்டினோம், அது அவருக்குத் தெரியும். தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு வந்த மாதிரி முகம்.

"என் என்ஜின்ல தண்ணிய இறக்குனியா?"

"அக்கா போறதுக்கு முன்னாடி இறக்கிட்டா."

"ரெண்டு இடத்துலயுமா?"

"ரெண்டையும் திறந்தேன்னு சொன்னா."

"கம்பி விட்டுக் குத்துனாளா?"

"குத்தினேன்னு சொன்னா."

"நீ போய்ப் பாத்தியா?"

லாரி எங்களுக்குப் பத்தடியில் நின்றது. என்ஜின் மூடியைத் தூக்கினால் குழாய் தெரியும். அவர் கை அதற்குள் மூடியின் கொண்டிக்குப் போய்விட்டது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். அந்தப் பெரிய காது இரண்டும் சிவந்துவிட்டன.

"பாக்கல. அக்கா சொன்னா போதும்" என்றேன்.

அவர் கையை மெதுவாக விடுவித்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு, "காபி இருக்கா?" என்றார். இரண்டு பேரும் வீட்டுக்குள் போனோம்.

உன் தம்பி,
லோவெல்